உறையாத மண்

2013ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள் காலை. கோழிக்கூட்டின் பழைய வைக்கோலை வாரிக் கொட்டிவிட்டு, புதியதை எடுத்துவரக் கொட்டிலுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அம்மா கூட்டு வாசலில் குனிந்தபடி நின்றார். என் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டி என்னை நிற்கச் சொன்னார்.

உள்ளே, வெறும் பலகைத் தரையில் வெள்ளைச்சி படுத்திருந்தது. மண் இருப்பதுபோல, அலகால் பலகையை இரண்டு தரம் தன் நெஞ்சுப் பக்கம் இழுத்தது. பிறகு இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு சிறகுகளைத் தரையில் அடித்தது. ஒரு பக்கம் சரிந்து, கழுத்தைப் பலகையோடு சேர்த்துத் தேய்த்தது. நகம் மரத்தைக் கீறுகிற சத்தம் கேட்டது. தூசி எழவில்லை. கொஞ்ச நேரம் இப்படியே செய்துவிட்டு எழுந்து நின்று உடம்பை உதறியது. உதறி விழ அதன் மேல் எதுவும் இருக்கவில்லை.

“இது குளிக்குது பிள்ளை,” என்றார் அம்மா. “மண் இல்லாமல் குளிக்குது.”

நான் கோழி வளர்க்கத் தொடங்கி அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. ரொறன்ரோவுக்கு வடகிழக்கே, கவார்த்தா லேக்ஸ் பகுதியில், லின்ட்சே நகரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பழைய வீடும் மூன்று ஏக்கர் நிலமும் வாங்கிக் குடிவந்திருந்தோம். வந்த மாதமே முட்டையிடத் தொடங்கும் பருவத்தில் ஆறு கோழிகள் வாங்கினேன். மூன்று வரி போட்ட பிளிமத் றொக். மூன்று வெள்ளை நிறச் சாந்தெக்ளேர். சாந்தெக்ளேர் கனடாவிலேயே உருவாக்கப்பட்ட இனம். கியூபெக்கில், ஓக்கா என்ற ஊர்த் துறவுமடத்தில் இருந்த சகோதரர் வில்பிரிட் சத்தலேன் பத்து ஆண்டுகளுக்கு மேல் இனங்களைக் கலந்து பார்த்து, 1918இல் அதை வெளியே கொண்டுவந்தார். அதன் கொண்டை தலையோடு ஒட்டிய சிறு மெத்தைபோல இருக்கும். தாடையும் இருக்கிறதா இல்லையா என்று தேடிப் பார்க்க வேண்டிய அளவுதான். இந்த நாட்டுக் குளிரில் முதலில் கருகுவது கோழியின் கொண்டையும் தாடையும் என்பதால், அவை சிறுத்த கோழி ஒன்று வேண்டும் என்று அந்தத் துறவி நினைத்திருக்கிறார்.

அந்தக் கோடையில் மண் குளியலைப் பற்றி நான் யோசிக்கத் தேவை இருக்கவில்லை. முற்றத்து லைலாக் மரத்தின் கீழ் அவை தாங்களாகவே குழி பறித்துக்கொண்டன. மத்தியானம் வெயில் ஏறியதும் இரண்டு மூன்று சேர்ந்து அதற்குள் இறங்கி, மண்ணை அள்ளி மேலே போட்டுக்கொண்டு கிடக்கும். ஊரில் பார்த்த அதே காட்சி. அதைப் பார்த்துக்கொண்டே நான் கீரைக்குத் தண்ணீர் விடுவேன்.

குளிர்காலம் வருகிறது என்றதும் நான் சூட்டைப் பற்றி மட்டுமே யோசித்தேன். கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். காற்று நேரே அடிக்காமல் கூட்டின் இடுக்குகளை அடைத்தேன். ஈரக்காற்று வெளியேற மேலே துவாரம் விட்டேன், ஏனென்றால் குளிரோடு ஈரமும் சேரும்போதுதான் கொண்டை கருகுவது கூடும். தண்ணீர் உறையாதிருக்க மின்சாரத்தில் சூடாகும் தட்டு வைத்தேன். வரிக்கோழிகளின் கொண்டைக்கு வசலின் பூசினேன். படுக்கும் தடியை அகலமாக்கினேன், குந்தும்போது நெஞ்சு இறகு விரல்களை மூடிக்கொள்ளட்டும் என்று. தீவனம், தண்ணீர், காற்று, சூடு எல்லாவற்றையும் கவனித்தாயிற்று என்றுதான் நினைத்திருந்தேன்.

கார்த்திகை நடுவில் நிலம் இறுகியது. இந்த மாகாணத்தின் தென்பகுதியில் வீடு கட்டுகிறவர்கள் அத்திவாரத்தை ஏறத்தாழ நான்கடிக்குக் கீழே இறக்குவார்கள். உறைபனி அவ்வளவு ஆழம் இறங்கக்கூடும் என்பதால்தான். லைலாக் மரத்தடிக் குழி முதலில் சேறாயிற்று, பிறகு கல்லாயிற்று, பிறகு பனி மூடி எங்கே இருந்தது என்றே தெரியாமல் போயிற்று. கோழிகள் பனியில் கால் வைக்க விரும்பாமல் கூட்டுக்குள்ளேயே நின்றன. அவற்றுக்குக் குளிர்கிறது, அதனால்தான் சோர்ந்து நிற்கின்றன என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா வந்தது பனிமழையால். அந்த டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் தென் ஒன்ராறியோவில் பெய்த மழை விழுந்த இடத்திலேயே கண்ணாடியாய் உறைந்தது. மரக்கிளைகள் பாரம் தாங்காமல் மின்கம்பிகள் மேல் முறிந்து விழுந்தன. ரொறன்ரோவில் இலட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் நின்றது. ஸ்காபுறோவில் அம்மா இருந்த தொடர்மாடியும் இருண்டது. எங்கள் வீட்டில் விறகடுப்பு இருந்ததால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். வந்த மூன்றாம் நாள், கோழிகளைப் பார்க்கவேணும் என்று என் பெரிய குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு கூட்டடிக்கு வந்தார். அந்தக் காலைதான் வெள்ளைச்சி வெறும் பலகையில் குளித்தது.

“உதுகளுக்கு மண் எங்கை?”

“எல்லாம் உறைஞ்சு போச்சு அம்மா.”

“மாரிக்கு அம்மம்மா சேர்த்து வைக்கிறவ. மறந்து போனியே?”

மறந்துதான் போயிருந்தேன். அம்மா வேறொன்றும் கேட்கவில்லை. வரிக்கோழி ஒன்றை அலுங்காமல் தூக்கி, தலை தன் கைக்கு அடியில் போகும்படி திருப்பிப் பிடித்தார். வாலுக்குக் கீழே இருந்த இறகில் வாயை வைத்து ஊதினார். இறகு பிரிந்தது. உள்ளே தோல் சிவந்து பொருக்குப் பிடித்திருந்தது. இறகின் அடி முழுவதும் கரி பூசினதுபோல் இருந்தது. அழுக்கு என்று நினைத்து நான் கிட்டப் போய்ப் பார்த்தபோது அந்த அழுக்கு ஊர்ந்தது. மிளகுத்தூளைவிடச் சிறிய புள்ளிகள் அம்மாவின் விரலில் ஏறி, மணிக்கட்டுப் பக்கம் ஓடின.

நாங்கள் பேன் என்று சொன்னாலும் அது பேன் இல்லை. எட்டுக் கால் கொண்ட சிற்றுண்ணி இனம். இராத்திரியில் மட்டும் வந்து கடித்துவிட்டுக் கூட்டு இடுக்கில் ஒளிகிற செந்நிற உண்ணியைப் பற்றி வாசித்திருந்தேன். அது குளிரில் அடங்கிவிடும். இது வேறு. இது தன் வாழ்நாளெல்லாம் கோழியின் உடம்பிலேயே கிடந்து இரத்தம் குடிப்பது. குளிர்காலத்தில்தான் பெருகுவது. சிட்டுக்குருவிகள் தீவனம் தேடிக் கூட்டுக்குள் வரும்போது அவற்றோடு வரக்கூடும். வெளியே மைனஸ் இருபது. கோழியின் உடம்பு நாற்பத்தொரு பாகை. அந்தச் சூட்டுக்குள் அவை வசதியாக இருந்திருக்கின்றன. கோழிக்கு அவற்றை உதறித் தள்ள இருந்த ஓர் ஆயுதம் மண். அதை நான் கொடுக்கவில்லை.

மிருக வைத்தியரிடம் கேட்டு மருந்து வாங்கி ஆறுக்கும் போட்டோம். ஐந்து தேறின. அம்மா ஊதிப் பார்த்த அந்த வரிக்கோழி தை மாதம் முதல் கிழமை செத்துப்போனது. அந்த நாள்களில்தான் வடதுருவக் குளிர் இந்தப் பக்கம் முழுவதும் இறங்கியிருந்தது. இரத்தம் குறைந்த உடம்பு அதைத் தாங்கவில்லை. தூக்கியபோது கையில் பாரமே இல்லை. நிலம் கல்லாய்க் கிடந்ததால் அதைப் புதைக்கக்கூட முடியவில்லை. இந்தக் கவலை எனக்கு இன்னும் இருக்கிறது.

*

அம்மம்மாவின் வளவு உரும்பிராயில். வலிகாமத்துச் செம்மண். காய்ந்தால் மாப்போல நுணுகும், நனைந்தால் காலை விடாது. வருடத்தில் முக்கால்வாசி நாளும் கோழிகள் தோடை மரத்தடியிலும் கிடுகு வேலி ஓரமாகவும் குழி பறித்துக் குளித்துச் சிவப்பாய்த் திரியும். ஐப்பசி பிறந்து மழை தொடங்கினால் வளவு முழுக்கச் சேறு. மார்கழி வரை நிலம் காயாது. எங்கள் ஊரில் குளிர்காலம் இல்லை, ஆனால் கோழிக்கு மண் இல்லாத காலம் ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் மாரி.

அம்மம்மா ஆவணியிலேயே ஆயத்தம் செய்வார். வேலி ஓரத்து மண்ணைக் கொத்தி, வெயிலில் பரப்பி, அரிதட்டில் அரித்து, பழைய பனையோலைக் கடகத்தில் நிரப்புவார். பொச்சுமட்டை எரித்த அடுப்புச் சாம்பலை ஆறவிட்டு அதில் கலப்பார். கலக்குமுன் ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பொத்துவார். கையை விரித்ததும் மண் கட்டியாக நின்றால் திரும்பவும் வெயிலுக்குப் போகும். விரலிடுக்கால் வழிந்து ஓடினால் கடகத்துக்குப் போகும். மழை தொடங்கிய பிறகு, குசினிக்குப் பின்னால் இறக்கியிருந்த பத்தியின் மூலையில் அதைக் கொட்டி, சுற்றிவர நாலு கல் வைத்துவிடுவார். வெளியே மழை கொட்டும்போது கோழிகள் அந்த மூலையில் முறைவைத்துக் குளிக்கும். பத்தியெல்லாம் புழுதி பறக்கும். குசினிக்குள் புழுதி வருகிறது என்று அம்மா முறையிடுவார். “அதுகளும் மேல் கழுவத்தானே வேணும்” என்பார் அம்மம்மா.

1995 ஐப்பசி 30. வலிகாமத்துச் சனமெல்லாம் ஓர் இரவில் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்த நாள். எனக்குப் பதினொரு வயது. அம்மம்மா கூட்டைத் திறந்துவிட்டு, இருந்த நெல்லை முற்றத்தில் விசிறினார். மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த மாரிக்கென்று சேர்த்த மண் பத்திக்குள் கடகத்தோடு இருந்தது. அடுத்த சித்திரையில் திரும்பி வந்தபோது வேலி இல்லை, கோழி ஒன்றும் இல்லை. பத்தியின் கூரை பாதி விழுந்திருந்தது. நிமிர்ந்து நின்ற மற்றப் பாதிக்குக் கீழே கடகம் அப்படியே இருந்தது. அம்மம்மா அதற்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பொத்திப் பார்த்தார். மண் விரலிடுக்கால் ஓடியது. வீட்டுக்கு ஓடு போடுவதற்கு முதல், அயலில் இரண்டு பேட்டுக் குஞ்சு வாங்கி வந்துவிட்டார்.

*

ஆனால் மார்கழி மாதக் கனடாவில் காய்ந்த மண்ணுக்கு எங்கே போவது?

முதலில் ஒரு கடையில் மணல் மூட்டை வாங்கினேன். படியிலும் வாகனம் நிறுத்தும் இடத்திலும் வழுக்காமல் இருக்கத் தூவுகிற மணல். வீட்டுக்கு வந்து மூட்டையைக் கிழித்தபோது அம்மா ஒரு கிள்ளு எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. என் நாக்கிலும் வைத்தார். உப்புக் கரித்தது. பனி உருகுவதற்காக அந்த மணலில் உப்புக் கலந்திருக்கிறார்கள். கோழி குளிக்கும் மண்ணைக் கொத்தியும் பார்க்கும். உப்பு மிஞ்சினால் அதன் உடம்பு தாங்காது. மூட்டையைத் திரும்பக் கட்டிப் படியடியில் வைத்தேன்.

பக்கத்துப் பண்ணைக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். நான் மண் கேட்கிறேன் என்றதும் அவர் சிரிக்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. எங்களைத் தன் விறகுக் கொட்டிலுக்குக் கூட்டிப் போனார். ஐம்பது வருடத்துக்கு மேலாக அந்தக் கூரையின் கீழ் விறகு அடுக்கியிருக்கிறார்கள். தரை வெறும் மண். வெளியே கடப்பாரை இறங்காத நிலம். உள்ளே சவளை வைத்ததும் மண் பொலபொலவென்று பிரிந்தது. மண் உறைவதில்லை, மண்ணுக்குள் இருக்கிற தண்ணீர்தான் உறைகிறது என்று அவர் சொன்னார். தண்ணீர் இல்லாத மண்ணுக்கு எந்தக் குளிரிலும் ஒன்றும் ஆகாது.

அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு பிடி அள்ளிப் பொத்தினார். விரித்தார். மண் ஓடியது. அதில் மரப்பட்டைத் துகளும் சேர்ந்திருந்தது. அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஐந்து கலன் வாளி நான்கை நிரப்பி, பிள்ளைகள் பனியில் சறுக்குகிற வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். பலகை அடித்து மூன்றடிக்கு இரண்டடியில் ஒரு பெட்டி செய்தேன். விளிம்பு ஓரடி உயரம், மண் வெளியே சிந்தாமல் இருக்க. கூட்டின் தெற்கு யன்னலின் கீழ், மத்தியான வெயில் விழுகிற இடத்தில் வைத்து, மண்ணை முக்கால் சாண் உயரத்துக்குக் கொட்டினேன். விறகடுப்புச் சாம்பலை அம்மா அரித்துக் கலந்தார். தண்ணீர்ப் பாத்திரத்தை எதிர்மூலைக்கு மாற்றினார். “ஈரம் பட்டால் சாம்பல் தோலைக் கடிக்கும்,” என்றார்.

முதல் அரை மணி நேரம் ஒன்றும் கிட்டப் போகவில்லை. கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கின. கடைசியில் வெள்ளைச்சி விளிம்பில் ஏறி நின்றது. ஒரு காலை இறக்கிக் கிளறியது. மண் அசைந்தது. அடுத்த காலையும் இறக்கியது.

அதற்குப் பிறகு அது எங்களைக் கவனிக்கவே இல்லை. அலகால் மண்ணைத் தன் நெஞ்சடிக்கு வாரி வாரிக் குவித்தது. குந்தியது. உடம்பு இரண்டு மடங்காய்ப் பெருத்ததுபோல் எல்லா இறகையும் நிமிர்த்தியது. சிறகுகளை உடம்போடு சேர்த்து மேலும் கீழுமாக அடித்தபோது மண் இறகுக்குள் ஏறி முதுகு வழியாக விழுந்தது. திரும்ப வாரியது, திரும்ப அடித்தது. பிறகு ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு காலைப் பின்னுக்கு நீட்டி, தலையையும் கழுத்தையும் மண்ணில் வைத்து உருட்டியது. கீழிமை மேலேறிக் கண் பாதி மூடியது. அப்படியே அசையாமல் கிடந்தது. தெரியாத ஆள் பார்த்தால் செத்துவிட்டது என்று பயந்திருப்பார். மற்றக் கோழிகளும் வந்தன. ஒன்றின் முதுகில் ஒன்று இடித்துக்கொண்டு இறங்கின. யன்னல் வெயிலில் புழுதி பொன்னாய் எழுந்து நின்றது. வெளியே மைனஸ் இருபத்திரண்டு.

வெள்ளைச்சி ஒரு மணி நேரத்துக்கு மேல் குளித்தது. எழுந்து காலை ஊன்றி நின்று தலையிலிருந்து வால் வரை ஓர் உதறு உதறியது. இந்தத் தடவை அதன் உடம்பிலிருந்து புழுதி மேகமாய்ப் பறந்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். இருமிக்கொண்டே சிரித்தார்.

*

அந்தக் குளிர்காலம் முடிந்த பிறகுதான் இதைப் பற்றித் தேடி வாசித்தேன். கோழியின் வாலடியில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று இருக்கிறது. அலகால் அந்த எண்ணெயைத் தொட்டு இறகுக்குப் பூசிக்கொள்ளும். நாள்பட்ட எண்ணெய் பிசுபிசுத்து இறகுகளை ஒட்டவைக்கும். ஒட்டிய இறகுக்கு இடையே காற்று நிற்காது. கோழியின் போர்வையே இறகுக்குள் நிற்கும் அந்தக் காற்றுத்தான். நுண்மண் இறகின் அடிவரை இறங்கிப் பழைய எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு, உதறும்போது சேர்ந்து விழுகிறது. இறகு மறுபடியும் பொங்கி நிற்கிறது. மண் கிடைத்தால் சராசரியாக இரண்டு நாளைக்கு ஒரு தரம், பெரும்பாலும் மத்தியான வேளையில், இருபது முப்பது நிமிடம் கோழி குளிக்கும். குளிர்காலத்துக் கோழிக்கு மண் குளியல் வேண்டாம் என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் போர்வையைத் தட்டிச் சீராக்க வேண்டிய காலமே அதுதான்.

வெள்ளைச்சி பலகையில் செய்ததும் பலரும் பார்த்து எழுதிவைத்த ஒன்று. கம்பிக்கூட்டில் பிறந்து வளர்ந்து, மண்ணையே அறியாத கோழியும் கம்பியின் மேல் படுத்து இதே அசைவுகளை ஒழுங்கு மாறாமல் செய்யும். பல நாள் மண் மறுக்கப்பட்ட கோழி, மண்ணைக் கண்டதும் வழக்கத்தைவிட நீண்ட நேரம் குளிக்கும். வெள்ளைச்சியின் ஒரு மணி நேரத்துக்கு அர்த்தம் அப்போது விளங்கியது. எங்கள் மாகாணத்தின் குவெல்ப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய இயன் டங்கன், ஒரு விலங்கின் நலம் என்பது அது என்ன உணர்கிறது என்பதில் இருக்கிறது என்று வாதிட்டவர். தீவனமும் தண்ணீரும் கொடுத்தால் போதாதா என்ற கேள்விக்கு அவரைப் போன்ற ஆய்வாளர்கள் பல வருடமாய்த் தேடிய விடையின் ஒரு பகுதி, சட்டங்களிலும் ஏறியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஜனவரி முதலாம் திகதியோடு பழைய வெற்றுக் கம்பிக்கூடுகளைத் தடைசெய்தது. கனடாவில் 2017இல் வந்த நடைமுறைக் கோவை, 2036க்குள் அவை இல்லாமல் போகவேண்டும் என்கிறது. அது நெடுங்காலம். அதற்குள் எத்தனையோ கோழிகள் வெறும் கம்பியில் குளித்துவிட்டுப் போய்விடும்.

உண்ணியைப் பற்றியும் வாசித்தேன். ரிவர்சைடில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வில், குளியல் பெட்டி மணலோடு டயற்றம் மண், கயோலின் களிமண், கந்தகம் ஆகியவற்றைத் தனித்தனியே கலந்து பார்த்திருக்கிறார்கள். மூன்றிலுமே குளித்த கோழிகளின் உடம்பில் உண்ணியும் பேனும் பெரிதாகக் குறைந்தன. கந்தகம் எல்லாவற்றிலும் வலுவாக வேலை செய்தது. இருந்தும் பெருவாரியாகப் பிடித்துவிட்ட கோழிக்கு மண்ணை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. அதற்கு மருந்து வேண்டும். மண் செய்வது, அந்த நிலைக்குப் போகவிடாமல் தடுப்பது. டயற்றம் மண்ணை நான் கைவிட்டுவிட்டேன். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் கோழிக்கும் கூடாது, அதைக் கிளறுகிற எங்களுக்கும் கூடாது.

பதினொரு வருடமாக இப்போது செய்வது இதுதான். ஆவணி கடைசியில், பத்து நாள் மழையில்லாமல் போகிற சமயம் பார்த்து, அவரைப் பாத்தி ஓரத்து மண்ணை வெட்டித் தார்ப்பாயில் பரப்புகிறேன். பொழுதுபடும்போது மூடி, விடிந்ததும் திறக்கிறேன். நாலைந்து நாளில் காய்ந்துவிடும். இரண்டு பங்கு மண், ஒரு பங்கு கழுவிக் காயவைத்த மணல், ஒரு பங்கு சாம்பல். சாம்பல் சுத்தமான விறகுடையதாய் இருக்க வேண்டும். வர்ணம் பூசிய பலகையோ, மருந்தூட்டிய கட்டையோ எரித்த சாம்பலை எடுப்பதில்லை. அடுப்பிலிருந்து வாரிய சாம்பலைத் தகர வாளியில் போட்டு மூடி, வெளியே கல்லின் மேல் ஒரு கிழமை வைத்துவிட்டுத்தான் கூட்டுக்குள் கொண்டுபோவேன். ஆறியதுபோல் தோன்றும் சாம்பலுக்குள் நெருப்பு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். வைக்கோல் நிறைந்த கூட்டில் அதில் ஒரு பொறி போதும். பெட்டியைப் பொழுதுபட்டதும் பலகையால் மூடிவிடுவேன், இல்லாவிட்டால் கோழிகள் இராத்திரி அதன் விளிம்பில் குந்தி எச்சமிடும். இரண்டு நாளைக்கு ஒரு தரம் எச்சத்தை அரித்தெடுப்பேன். மண் கறுத்துக் குளிர்ந்து கனத்தால், ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அப்போது மாற்றிவிடுவேன். மார்கழியில் இங்கே பகல் ஒன்பது மணி நேரம்தான். கோழிக்குக் குளிக்கும் எண்ணத்தை எழுப்புவது வெளிச்சமும் வெதுவெதுப்பும் என்பதால், யன்னல் கண்ணாடியைத் துடைத்து வைப்பதும் இந்த வேலையில் சேர்த்தி.

2022இல் பறவைக்காய்ச்சல் இந்த மாகாணத்துக்குள் வந்தது. காட்டுப் பறவைகளோடு கலக்காதபடி கோழிகளை உள்ளே வைக்கச் சொன்னார்கள். பனி கரைந்து நிலம் இளகி, லைலாக் மரத்தடி காயத் தொடங்கிய சித்திரை மாதத்தில் நான் கதவைச் சாத்த வேண்டியிருந்தது. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் மண் தெரிந்தது. அவை வலையோரம் நின்று பார்த்தன. ஆனால் அந்த வருடம் அவற்றில் ஒன்றுகூடப் பலகையில் குளிக்கவில்லை. ஆவணியில் சேர்த்ததில் இரண்டு வாளி மிச்சம் இருந்தது.

வெள்ளைச்சி எட்டு வருடம் இருந்தது. இப்போது பதினான்கு கோழிகள். அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. ஸ்காபுறோ வீட்டை விட்டு எங்களோடு வந்துவிட்டார். குனிந்து வேலை செய்ய முடியாது என்பதால் முற்றத்தில் கதிரை போட்டு, மடியில் அரிதட்டை வைத்துக்கொண்டு இருப்பார். நான் சவளால் அள்ளிக் கொடுக்கக் கொடுக்க அவர் அரிப்பார். வேரும் கல்லும் தட்டில் தங்கும், மண் கீழே வாளிக்குள் விழும். இந்த ஆவணியிலும் அரித்தோம். பக்கத்தில், லைலாக் மரத்தடிக் குழியில் நாலு கோழி சரிந்து கிடந்து குளித்துக்கொண்டிருந்தன. வெயில் நன்றாக இருந்தது. ஆறாவது வாளி நிறைந்ததும் அம்மா அதற்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். மெலிந்த விரல்களால் இயன்ற மட்டும் இறுக்கிப் பொத்தினார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு விரித்தார்.

மண் ஓடியது.

“காணும் பிள்ளை,” என்றார். “மூடு.”